மாற்றுச் சிறுநீரகம்: ‘95 சதவீதம் வெற்றி’ என்றால் எதை எண்ணுகிறார்கள்?

சிறுநீரக மாற்று சிகிச்சை பற்றி வீடுகளிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிற பேச்சு இரண்டு வகை. “95 சதவீதம் சக்ஸஸ், கவலையே வேண்டாம்” என்பது ஒன்று. “என்ன பண்ணினாலும் பத்து வருஷம்தான், அப்புறம் மறுபடியும் டயாலிசிஸ்” என்பது இன்னொன்று. இரண்டுமே எங்கோ ஓர் ஆய்வில் இருந்த எண்கள்தான். ஆனால் அது எத்தனை வருடக் கணக்கு, யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்ற விவரமெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போய்வருகிறவரும், அவருக்குச் சிறுநீரகம் தர முன்வருகிற அம்மாவோ மனைவியோ தம்பியோ, இந்த அரைகுறை எண்களை நம்பித்தான் முடிவெடுக்கிறார்கள். அந்த எண்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

அறுவை சிகிச்சையில் நடப்பது என்ன?

பழைய சிறுநீரகங்களை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதியதைப் பொருத்துவதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் பழையவற்றைத் தொடுவதே இல்லை. அவை முதுகுப்புறம் இருந்தபடியே இருக்கும். புதியதை அடிவயிற்றில், வழக்கமாக வலப்பக்கம், இடுப்பெலும்புக் குழிவில் வைக்கிறார்கள். காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய ரத்தக்குழாய்களோடு அதன் குழாய்களைத் தைத்து, சிறுநீர் இறங்கும் குழாயைச் சிறுநீர்ப்பையில் இணைக்கிறார்கள். அந்த இணைப்பு ஆறும்வரை உள்ளே டிஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் இருக்கும். சில வாரங்களில் அதை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் மறந்துபோனால் அதன்மேல் உப்பு படியும், கிருமியும் தங்கும். டிஸ்சார்ஜ் தாளில் ஸ்டென்ட் எடுக்க வேண்டிய தேதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இந்தத் தையல் வேலை கைவந்து வெகுகாலம் ஆகிறது. 1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில், ஜோசப் முர்ரே தலைமையிலான குழு ஒருவரின் சிறுநீரகத்தை அவருடைய சாயல் மாறாத இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தியது. அது வேலை செய்தது. இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள் என்பதால் உடல் அந்தச் சிறுநீரகத்தை வேற்றுப் பொருளாகப் பார்க்கவில்லை. இந்தியாவில் முதல் வெற்றிகரமான மாற்று 1971-ல் வேலூர் சிஎம்சியில் நடந்தது. மற்றவர்களின் சிறுநீரகத்தை உடல் ஏற்கச் செய்யும் மருந்துகள் 1960-களில் அசதயோபிரினோடு தொடங்கி, 1983-ல் அமெரிக்கா அனுமதித்த சைக்ளோஸ்போரின் வந்த பிறகே நிலைபெற்றன. அதாவது ஆபரேஷன் சரியாக முடிவது ஒரு வெற்றி; அந்தச் சிறுநீரகம் வருடக்கணக்கில் வேலை செய்வது வேறொரு வெற்றி. ‘சக்ஸஸ் ரேட்’ என்கிற ஒரே சொல்லில் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

நூறு தென்னங்கன்றுகள்

ஊரில் நூறு வீடுகளுக்கு ஆளுக்கொரு தென்னங்கன்று கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். ஒரு வருடம் கழித்துப் போய் எண்ணினால் 95 நிற்கின்றன. இதுதான் விளம்பரத்தில் வருகிற 95. நிற்கிறதா இல்லையா என்பதுதான் கணக்கு. எவ்வளவு காய்க்கிறது என்பது இதில் இல்லை. இன்னும் பல வருடம் கழித்துப் போனால் ஐம்பதுதான் மிச்சம். பாதி போய்ப் பாதி நிற்கிற அந்தக் காலம் பன்னிரண்டு வருடம் என்றால், எல்லா மரமும் பன்னிரண்டாவது வருடம் சாயும் என்று பொருளல்ல. சில மூன்றே வருடத்தில் போயிருக்கும். சில முப்பது வருடம் நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. சில வீடுகளைச் சாலைக்காக இடித்திருப்பார்கள். மரம் நன்றாகத்தான் காய்த்துக்கொண்டிருந்தது, வீடு போனதால் மரமும் போனது. இதை ‘பட்டுப்போன மரம்’ என்று சேர்ப்பதா, விடுவதா? சேர்த்தால் ஒரு விகிதம் வரும், விட்டால் இன்னொன்று. கடைசியாக, போன வருடம்தான் நட்ட கன்றுகளும் பட்டியலில் இருக்கின்றன. அவை பன்னிரண்டாவது வருடம் நிற்குமா என்பதை இன்று எண்ணிச் சொல்ல முடியாது, கணித்துத்தான் சொல்ல வேண்டும்.

சிறுநீரகக் கணக்கும் இப்படியேதான். பொருத்திய சிறுநீரகத்தை மருத்துவர்கள் கிராஃப்ட் என்பார்கள். குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகும் டயாலிசிஸ் தேவைப்படாமல் அது வேலை செய்கிறவர்களின் சதவீதம் கிராஃப்ட் ஆயுள் விகிதம். நோயாளி உயிரோடு இருப்பது மட்டும் நோயாளி ஆயுள் விகிதம். கிராஃப்ட் போய் டயாலிசிஸுக்குத் திரும்பியவரும் அதில் வருவார், அதனால் அது எப்போதும் கூடுதலாக இருக்கும். சிறுநீரகம் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே மாரடைப்பிலோ தொற்றிலோ இறந்தவர்களை இழப்பாக எண்ணாமல் விடுவது இறப்பை விலக்கிய கணக்கு. இதுவும் பார்க்க அழகாக இருக்கும். மருந்தின் திறனை ஆராய்கிறவருக்கு இந்த மூன்றாவது கணக்கு பயன்படும். முடிவெடுக்கிற குடும்பத்துக்கு முதல் கணக்குதான் வேண்டும்.

இனி எண்கள். அமெரிக்கத் தரவுகளை வைத்து 2021-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த மதிப்பாய்வின்படி, 1995–99-ல் இறந்தவரிடமிருந்து பெற்ற சிறுநீரகங்களில் பாதி நின்ற காலம் 8.2 வருடம், உயிருள்ளவர் கொடுத்ததில் 12.1 வருடம். 2014–17-ல் மாற்று செய்தவர்களுக்கு அது முறையே 11.7, 19.2 வருடம். பின்னதை நன்றாகக் கவனியுங்கள்: 2017-ல் பொருத்திய சிறுநீரகத்துக்கு 19 வருடம் இன்னும் முடியவே இல்லை. அது கணிப்பு. கணிப்பு என்பதால் பொய்யாகிவிடாது. ஆனால் உங்கள் மாமாவுக்கு 1990-களில் நடந்ததை வைத்து “பத்து வருஷம்தான்” என்பதும், இந்தக் கணிப்பை வைத்து “இருபது வருஷம் கேரண்டி” என்பதும் ஒரே தவறுதான்.

இதுவரை சொன்னதன் சாரம்: ஒரு சதவீதத்தைக் கேட்டால் எத்தனை வருடத்துக்கு, இறந்தவர்களைச் சேர்த்தா சேர்க்காமலா, யார் கொடுத்த சிறுநீரகம் என்ற மூன்றும் தெரிய வேண்டும். இவை இல்லாத 95 வெறும் எண்.

உடல் ஏன் எதிர்க்கிறது?

“பிளட் குரூப் ஒன்றுதான், அப்புறம் என்ன பிரச்சினை?” என்று கேட்பார்கள். ரத்த வகை முதல் படி மட்டும். நம் செல்களில் பெரும்பாலானவற்றின் மேற்பரப்பிலும் எச்எல்ஏ எனப்படும் புரதங்கள் இருக்கின்றன. பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் வந்தவை. அதனால் பெற்றோரோடு எப்போதும் பாதி பொருந்தும். உடன்பிறந்தவர்களில் முழுப் பொருத்தத்துக்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, பாதிப் பொருத்தத்துக்கு இரண்டில் ஒரு பங்கு, எதுவுமே பொருந்தாமல் போக நான்கில் ஒரு பங்கு.

வேற்று எச்எல்ஏவைக் கண்டதும் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் கிளர்ந்தெழுந்து பெருகி, அந்தத் திசுவுக்குள் புகுந்து தாக்கும். இது பெரும்பாலும் முதல் சில மாதங்களில் நடப்பது, மருந்தால் அடக்கக்கூடியது. பி செல்கள் அதே எச்எல்ஏவுக்கு எதிராக ஆன்டிபாடி எனும் எதிர்ப்பொருளை உருவாக்கும். அது ரத்தத்தில் சுற்றிக்கொண்டே சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் சுவர்களை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அரிக்கும். இரண்டையுமே நிராகரிப்பு என்பார்கள். இந்த இரண்டாவது வகை மெதுவானது, வலி தராதது, ஒருமுறை வேரூன்றிவிட்டால் திருப்புவது மிகக் கடினம்.

சிலருக்கு மாற்று நடக்கும் முன்பே அந்த ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கும். முன்பு ரத்தம் ஏற்றியிருந்தாலோ, ஏற்கெனவே ஒரு மாற்று நடந்திருந்தாலோ, கருவுற்றிருந்தாலோ உருவாகியிருக்கலாம். குழந்தையின் உடலில் பாதி எச்எல்ஏ கணவருடையது. ஆகவே பிள்ளை பெற்ற மனைவிக்குக் கணவர் சிறுநீரகம் தருவதாக இருந்தால், அவருடைய எச்எல்ஏவுக்கு எதிரான ஆன்டிபாடி மனைவியிடம் ஏற்கெனவே இருக்க வாய்ப்பு உண்டு. இதைக் கண்டுபிடிக்கத்தான் கிராஸ்மேட்ச் சோதனை: கொடுப்பவரின் வெள்ளை அணுக்களோடு பெறுபவரின் சீரத்தை (ரத்தத்தில் அணுக்கள் நீங்கிய தெளிந்த நீரை) கலந்து, அணுக்கள் தாக்கப்படுகின்றனவா என்று பார்ப்பார்கள். அந்தச் சோதனை இல்லாத காலத்தில், ரத்த ஓட்டத்தைத் திறந்த சில நிமிடங்களிலேயே சிறுநீரகம் கறுத்து வீணாவது நடந்தது. டயாலிசிஸ் நோயாளிக்கு ஹீமோகுளோபின் குறைந்தால் உடனே ரத்தம் ஏற்றாமல் இரும்பு, ரத்தம் ஊறச் செய்யும் எரித்ரோபொய்டின் ஊசி என்று டாக்டர்கள் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

“ரத்த சொந்தமே இல்லாத மனைவியின் கிட்னி எப்படிப் பொருந்தும்?” என்கிற சந்தேகத்துக்கு 1995-லேயே பதில் கிடைத்தது. பால் தெராசாகி குழு அமெரிக்கப் பதிவேட்டை ஆராய்ந்தபோது, மூன்று வருடக் கிராஃப்ட் ஆயுள் விகிதம் துணைவர் கொடுத்ததில் 85 சதவீதம், பெற்றோர் கொடுத்ததில் 82, இறந்தவரிடமிருந்து பெற்றதில் 70. எச்எல்ஏ பொருத்தம் மோசமாக இருந்தும் துணைவரின் சிறுநீரகம் முந்தியதற்குக் காரணம், ஆரோக்கியமான ஒருவரின் அடிபடாத உறுப்பு ஐஸில் நெடுநேரம் காத்திருக்காமல் உடனே பொருத்தப்பட்டதுதான் என்று அவர்கள் விளக்கினார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், பொருத்தம் முக்கியம், ஆனால் அது மட்டுமே தீர்ப்பு அல்ல. ஏற்கெனவே இருக்கும் ஆன்டிபாடியும் உறுப்பின் நலமும் அதே அளவு எடை போடுகின்றன.

மருந்து: கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல்

ஆபரேஷன் சமயத்தில் டி செல்களை அடக்க ஊசி மருந்து தருவார்கள். நிராகரிப்பு ஆபத்து குறைவு என்றால் பாசிலிக்சிமாப், 20 மில்லிகிராம் வீதம் ஆபரேஷன் நாளிலும் நான்காம் நாளிலும். ஆபத்து அதிகம் என்றால் ஏடிஜி என்ற வலுவான மருந்து. அதன் பிறகு தினசரி மாத்திரைகள். இன்று பெரும்பாலோருக்கு மூன்று: டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. கிராஃப்ட் வேலை செய்யும் காலம் முழுவதும் மருந்து உண்டு. “ஐந்து வருஷம் ஆகிவிட்டது, உடம்பு பழகியிருக்கும்” என்று மாத்திரையை விடுகிறவர்களின் கிராஃப்ட், நோயாளிக்கே தெரியாமல் ஆன்டிபாடியால் அரிபடத் தொடங்கும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2012-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஃபிலிப் ஹாலரன் குழு வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. பயாப்சி (சிறுநீரகத்திலிருந்து துளி திசு எடுத்துப் பார்க்கும் சோதனை) செய்த 315 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். காரணம் தெரிந்த 56 கிராஃப்ட் இழப்புகளில் 36 நிராகரிப்பால் வந்தவை. அந்த 36 பேரில் 17 பேர் மருந்தை ஒழுங்காக எடுக்காதவர்கள் என்று அவர்களுடைய மருத்துவர்கள் முன்பே குறித்து வைத்திருந்தார்கள். இதை நோயாளியின் அலட்சியம் என்று மட்டும் படிக்கக் கூடாது. மாத்திரைச் செலவு, ஊருக்கும் மருத்துவமனைக்கும் உள்ள தூரம், கை நடுக்கம், வயிற்றுப்போக்கு, முகம் உப்புவது, இவையெல்லாமே மருந்தை விட வைக்கின்றன.

டாக்ரோலிமஸில் பயன் தரும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் இடைவெளி குறுகல். அதனால் ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்தே டோஸ் முடிவாகும். பார்க்க வேண்டியது அடுத்த டோஸுக்குச் சற்று முந்தைய அளவு. காலை 9, இரவு 9 என்று சாப்பிடுகிறவர், சோதனை நாளன்று காலை மாத்திரையைப் போடாமல் போய் ரத்தம் கொடுத்துவிட்டு அதன் பிறகு போட வேண்டும். பழக்கதோஷத்தில் வீட்டிலேயே போட்டுவிட்டுப் போனால் ரத்தத்தில் உச்ச அளவு பதிவாகும். ரிப்போர்ட்டைப் பார்க்கிறவர் டோஸ் அதிகம் என்று குறைத்துவிடுவார். உண்மையில் சரியாக இருந்த நோயாளி அன்றிலிருந்து குறை மருந்தில் இருப்பார். தவறிப் போட்டுவிட்டால் லேபில் அதைச் சொல்லி, வேறொரு நாள் கொடுப்பதே சரி.

அளவு ஏறி இறங்க வேறு காரணங்களும் உண்டு. பூஞ்சைக்குத் தரும் ஃபுளுகோனசோல், சளிக்குத் தரும் கிளாரித்ரோமைசின், பிபிக்கான டில்டியசெம் ஆகியவை டாக்ரோலிமஸ் அளவை ஏற்றும். டில்டியசெமை வேண்டுமென்றே சேர்த்து, குறைந்த டோஸில் போதிய அளவைப் பெற்று மருந்துச் செலவைக் குறைக்கிற வழக்கமும் இந்தியாவில் உண்டு; அப்படிப்பட்டவர் டில்டியசெமைத் தானாக நிறுத்தினால் அளவு சரிந்துவிடும். வலிப்புக்கான ஃபெனிடோயின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை அளவை இறக்கும். ரிஃபாம்பிசின் இறக்குவது கொஞ்சநஞ்சமல்ல. டோஸைப் பல மடங்கு கூட்ட வேண்டிவரும். காசநோய் மிகுந்த நம் நாட்டில் இது அடிக்கடி எழுகிற சிக்கல், அதனால் பல இடங்களில் ரிஃபாம்பிசின் இல்லாத மருந்துக் கூட்டைத் தேர்கிறார்கள். பம்பளிமாஸும் அதன் இனமான கிரேப்ஃப்ரூட்டும் அளவை ஏற்றும். சாத்துக்குடிக்கு அந்தப் பயம் இல்லை. வயிற்றுப்போக்கு வந்தால் மருந்து வெளியேறி அளவு குறையும் என்றுதான் தோன்றும். நடப்பது நேர்மாறு, டாக்ரோலிமஸ் பெரும்பாலும் ஏறும். குடல் சுவரில் அதைச் சிதைக்கிற ஏற்பாடு பழுதாகிவிடுவதே காரணம்.

மருந்து தேவைக்கு மேல் போனால் வேறு கதவுகள் திறக்கும். பிகே வைரஸ் நம்மில் பெரும்பாலோர் உடலில் சிறுவயதிலிருந்தே உறங்கிக்கொண்டிருப்பது. எதிர்ப்பு அடங்கியதும் அது விழித்து, பொருத்திய சிறுநீரகத்தையே தாக்கும். முதல் மாதங்களில் ரத்தத்தில் அதைத் தேடும் சோதனையை அடிக்கடி எழுதுவது இதற்காகத்தான். அதைக் கொல்ல நம்பகமான மருந்து இல்லை. எதிர்ப்பை அடக்கும் மருந்துகளைக் குறைப்பதே சிகிச்சை. டாக்ரோலிமஸும் ஸ்டீராய்டும் சேர்ந்து புதிதாகச் சர்க்கரை நோயைக் கொண்டுவரலாம். டாக்ரோலிமஸே சிறுநீரகத்தின் ரத்தக்குழாய்களைச் சுருக்கவும் செய்யும்.

இந்தப் பகுதியில் நினைவில் வைக்க வேண்டியது: குறிப்பேட்டில் இல்லாத எந்த மாத்திரையும், வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக்கும் நாட்டு மருந்துப் பொடியும் உட்பட, சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் உள்ளே போகக் கூடாது.

கிரியாட்டினின் சொல்வதும் சொல்லாததும்

கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் வடிக்கும் வேகம் பாதியானால் ரத்தத்தில் அது ஏறத்தாழ இரட்டிப்பாகும். இதனால் சின்ன எண்களில் சின்ன ஏற்றம்தான் பெரிய செய்தி. 1.2-லிருந்து 1.8 ஆனால் வடிக்கும் திறனில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. 5-லிருந்து 5.6 ஆனால், மிச்சமிருந்த கொஞ்சத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும். இரண்டிலும் கூடியது 0.6 தான். “நார்மல் ரேஞ்சுக்குக் கொஞ்சம் மேலேதானே” என்று விடக் கூடாது. உங்களுடைய வழக்கமான அளவிலிருந்து கால்பங்கு ஏறினாலே காரணம் தேட வேண்டும்.

அந்தக் காரணத்தை எண் சொல்லாது. நிராகரிப்பு, பிகே வைரஸ், டாக்ரோலிமஸ் மிகுதி, குழாய் அடைப்பு, தண்ணீர் குறைந்த உடல், எல்லாமே கிரியாட்டினினை ஏற்றும். நிராகரிப்புக்கு மருந்தைக் கூட்ட வேண்டும், பிகேவுக்குக் குறைக்க வேண்டும். தவறாக ஊகித்தால் கிராஃப்ட் போய்விடும். பயாப்சிக்குத் தயங்குகிற குடும்பங்களுக்கு இதைத்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆய்வுகள் எப்படி ஒப்பிடுகின்றன?

டயாலிசிஸிலேயே இருப்பதைவிட மாற்று செய்துகொண்டால் ஆயுள் கூடுகிறதா? வெறுமனே இரு கூட்டத்தையும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். மாற்றுக்குத் தேர்வாகிறவர்கள் பொதுவாக இளையவர்கள், இதயம் நன்றாக இருப்பவர்கள். நல்ல மண்ணைப் பார்த்து நட்ட கன்றுகள். ராபர்ட் வுல்ஃப் குழு 1999-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு இதைச் சரியாகக் கையாண்டது. டயாலிசிஸில் இருந்த எல்லோரையும் எடுத்தால் 100 பேருக்கு வருடத்துக்கு 16.1 இறப்பு. மாற்றுக்குத் தகுதி பெற்று, காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களில் 6.3. மாற்று நடந்தவர்களில் 3.8. பதினாறையும் நாலையும் ஒப்பிட்டு “நாலு மடங்கு பாதுகாப்பு” என்பது தவறு. நியாயமான ஒப்பீடு 6.3-க்கும் 3.8-க்கும்தான்.

அந்த ஆய்வு சொன்ன இன்னொரு செய்தி வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. மாற்று நடந்த முதல் இரண்டு வாரத்தில் இறக்கும் ஆபத்து, பட்டியலில் காத்திருப்பவரைப்போல 2.8 மடங்கு. ஆபரேஷனும் வலுவான மருந்துகளும் கேட்கிற விலை அது. 106-வது நாள் வாக்கில் ஆபத்து சமமாகிறது. 244-வது நாள் வாக்கில்தான் பிழைத்திருப்போர் விகிதம் சமமாகிறது. அதன் பிறகு மாற்று முந்துகிறது, நீண்டகால ஆபத்து 68 சதவீதம் குறைகிறது. ‘மாற்று நல்லதா’ என்ற கேள்விக்கு ‘எந்த நாள்வரை’ என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒப்பீட்டை நேர்மையாக்க இன்னொரு வழி 2009-ல் வந்த ஐரோப்பிய ஆய்வில் இருக்கிறது. சிரில் மூர்ஸ் குழு 336 இறந்த கொடையாளர்களை எடுத்து, ஒவ்வொருவரின் ஒரு சிறுநீரகத்தை ஐஸ் பெட்டியிலும் மற்றதைக் குளிர்ந்த திரவம் பாய்ச்சும் இயந்திரத்திலும் வைத்தது. கொடையாளர் ஒருவரே என்பதால் வயது, நோய் என்று சாக்குச் சொல்ல இடமில்லை. முதல் வாரத்திலேயே டயாலிசிஸ் தேவைப்பட்டது இயந்திரத்தில் இருந்தவற்றில் 20.8 சதவீதம், ஐஸில் இருந்தவற்றில் 26.5. ஒரு வருடக் கிராஃப்ட் ஆயுள் விகிதம் இயந்திரத்தில் 94 சதவீதம், ஐஸில் 90.

மருந்துகளுக்கு, சீட்டுக் குலுக்கி நோயாளிகளைப் பிரிப்பதே வழி. 2007-ல் வந்த சிம்பொனி ஆய்வு 1,645 பேரை அப்படி நான்காகப் பிரித்தது. குறைந்த அளவு டாக்ரோலிமஸ் பெற்றவர்களில் பயாப்சியில் உறுதியான நிராகரிப்பு 12.3 சதவீதம், வழக்கமான சைக்ளோஸ்போரினில் 25.8, சிரோலிமஸ் என்ற இன்னொரு மருந்தைக் குறைந்த அளவில் பெற்றவர்களில் 37.2. டாக்ரோலிமஸ் இன்று எங்கும் முதல் மருந்தாக இருப்பதற்கு இது பெரிய காரணம்.

ஆனால் முதல் வருட நிராகரிப்பு குறைந்தால் எல்லாம் சரி என்ற நம்பிக்கையையும் ஓர் ஆய்வு அசைத்தது. பெலட்டாசெப்ட் என்ற ஊசி மருந்தை சைக்ளோஸ்போரினோடு ஒப்பிட்ட பெனிஃபிட் ஆய்வில், தொடக்கத்தில் நிராகரிப்பு பெலட்டாசெப்ட் பெற்றவர்களுக்கே அதிகம். ஏழு வருடம் தொடர்ந்து கவனித்து 2016-ல் வெளியிட்டபோது, இறப்பு அல்லது கிராஃப்ட் இழப்பின் ஆபத்து அவர்களுக்கு 43 சதவீதம் குறைவாக இருந்தது. ஒப்பிட்டது பழைய சைக்ளோஸ்போரினோடு, இன்றைய டாக்ரோலிமஸோடு அல்ல என்பதை மறக்கக் கூடாது. மாதாமாதம் மருத்துவமனையில் ஏற்ற வேண்டிய மருந்து வேறு. என்றாலும், ஒரு வருடத்தோடு ஆய்வை முடித்திருந்தால் நேரெதிரான முடிவுக்கு வந்திருப்பார்கள்.

கொடுத்தவருக்கு என்ன ஆகும்?

“ஒரு கிட்னி போதும், ஒன்றும் ஆகாது” என்று கொடுப்பவரிடம் சொல்வது பாதி உண்மை. 2014-ல் வந்த அமெரிக்க ஆய்வு 96,217 கொடையாளர்களைக் கணக்கெடுத்தது. வாழ்நாளில் சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கும் வாய்ப்பு பொது மக்களில் 10,000-க்கு 326; கொடையாளர்களில் 90. இதை மட்டும் காட்டினால் கொடுப்பது உடம்புக்கு நல்லது என்றே தோன்றும். ஆனால் கொடையாளர்கள் பரிசோதித்துத் தேர்ந்தெடுத்த ஆரோக்கியசாலிகள். அதே அளவு ஆரோக்கியமாக இருந்து கொடுக்காமல் இருந்தவர்களில் அந்த எண் 14 மட்டும். அதாவது ஆபத்து கூடுகிறது, ஆனாலும் நூற்றில் ஒன்றுக்கும் கீழேதான். இந்தியாவில் உயிருள்ள கொடையாளர்களில் பெண்களே பெரும்பான்மை. அவர்களிடம் இந்த மூன்று எண்களையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் சம்மதம் கேட்க வேண்டும். வருடம் ஒருமுறை பிபி, சிறுநீரில் புரதம், கிரியாட்டினின் பார்ப்பது கொடுத்தவருக்கும் வாழ்நாள் கடமை. பெற்றவரின் ஃபைல் தடிமனாகிக்கொண்டே போக, கொடுத்தவருக்கு ஃபைலே இல்லாத வீடுகள் நிறைய.

மருத்துவமனையில் கேட்க வேண்டியவை

ஒரு வருட விகிதத்தோடு ஐந்து வருட, பத்து வருட விகிதத்தையும் கேளுங்கள். உயிருள்ளவர் கொடுத்தது, மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெற்றது என்று பிரித்துக் கேளுங்கள். இறந்தவர்களை இழப்பில் சேர்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கடைசியாக ஒன்று: மாற்று முடிந்து சொந்த ஊருக்குப் போய், பிறகு ரெவ்யூவுக்கே வராமல் போனவர்கள் எத்தனை பேர், அவர்களைக் கணக்கில் எப்படி வைத்திருக்கிறார்கள்? வராமல் போனவர்களில் மருந்து வாங்க முடியாதவர்களும் கிராஃப்ட் இழந்தவர்களும் அதிகமாக இருக்க வாய்ப்புண்டு. அவர்களை விட்டுவிட்டு, வந்துகொண்டிருப்பவர்களை மட்டும் எண்ணினால் எந்த மருத்துவமனைக்கும் 95 வந்துவிடும்.